கோடோன் வாசலில் கிடந்த செருப்புகள்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து மூடுபனி. மழை இல்லை. மார்க்கெட் பக்கம் எதிரே வருகிறவரின் குடை முதலில் வருகிறது, ஆள் பிறகு.

கோடோனில் முதல் வேலை சுவர் ஈரத்தைத் துடைத்தது. அடுத்து, நான்கு மூலையிலும் குண்டு பல்பு எரியவிட்டது. பட்டுச்சேலைக்குப் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க அம்மா பீரோவுக்குள் பல்பு எரியவிடுவாள். ஓவியங்களுக்கும் அதே வைத்தியம்தான். குன்னூர் ஈரத்துக்குப் பட்டும் ஒன்று, கலையும் ஒன்று.

பழைய தேயிலைக் கோடோன் இது. மீரா மேடம் வாங்கி வெள்ளையடித்து ஓவியக் கூடமாக்கி இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் ஆட்டோக்காரர்களுக்கு இன்னும் கோடோன்தான். "அங்க இப்ப டீத்தூள் கிடைக்காதுங்களே" என்று இன்றைக்கும் ஒருவர் அக்கறையாகச் சொன்னார். தெரியும் என்று தலையாட்டினேன்.

என் வேலை: வாசலருகே ஸ்டூலில் உட்கார்வது. யாராவது கேட்டால் பதில் சொல்வது. யாரும் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்வது. நல்லவேளை, அதிகம் பேர் கேட்பதில்லை. இந்தக் கண்காட்சி முடிந்ததும் என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று மேடம் சொல்வார். "வேலையெல்லாம் சுத்தமா பண்ற. ஆனா வாயைத் திறக்கணும்மா" என்று போன வாரமே சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். பி.ஏ. வரலாறு. வாயைத் திறப்பதற்குப் பாடத்திட்டத்தில் எதுவும் இல்லை.

இந்தக் கண்காட்சியைப் பற்றி எழுதத்தான் இந்த நோட்டைத் தொடங்கினேன். யாரிடமும் சொல்ல முடியாத அளவுக்குப் பிடித்திருக்கிறது.

முன்கூடத்தில் முரளி சாரின் ஓவியங்கள். மதுரைக்காரர். எல்லாம் ஆள் உயரம், எல்லாம் வெள்ளை. உள்ளே வருகிறவர்கள் "இன்னும் வரையலையா" என்ற முகத்தோடு நிற்கிறார்கள். வெள்ளையின் மேல் வெள்ளை பூசி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பூசுவாராம். நின்று பார்த்தால் கொஞ்ச நேரம் கழித்து அடியிலிருந்து ஒரு பச்சைக் கோடு மேலே வரும். பிறகு ஒரு சரிவு. பிறகு சரிவில் ஒரு வேலி. அது முன்பே அங்கே இருந்ததா, நான் பார்த்ததால் வந்ததா என்று தெரியவில்லை.

இரண்டு டாக்சி டிரைவர்கள் இன்று வந்தார்கள்.

"ஒண்ணுமே இல்லையேப்பா."

"அட, நம்ம ஊட்டு ஜன்னல்ல காலைல பாத்தா இதேதான்."

முரளி சாரிடம் இதைச் சொல்ல ஆசை. இதைவிடப் பெரிய பாராட்டு அவருக்குக் கிடைத்திருக்காது.

உள்ளறைக்குப் போகும் வாசலின் முன்னால் அமுதாக்காவின் செருப்புகள். நாளை எழுதுகிறேன். பஸ் வந்துவிட்டது.


நவம்பர் 5, புதன்

வெயில். பத்து நிமிஷம்தான் என்றாலும் வெயில்.

அமுதாக்கா கோயமுத்தூர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வெள்ளைப்பாறை எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளிலிருந்து பழைய செருப்புகளாக வாங்கி வந்திருக்கிறார். ஒரு பழைய ஜோடிக்கு ஒரு புது ஜோடி. புதியவை எல்லாம் ஒரே கடையில் மொத்தமாக வாங்கியவை, எல்லாமே மெரூன் வார். லைன் முழுக்க இப்போது மெரூன் கால்தான் என்று திறப்பு விழாவில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

பழையவற்றைக் கழுவவில்லை, ஒட்டவில்லை. உள்ளறை வாசலின் முன் தரையில், ஒரு வீட்டுக்கு நிறைய விருந்தாளிகள் வந்து கழற்றிவிட்ட மாதிரி விட்டிருக்கிறார். சில நேராக. சில ஒன்றின் மேல் ஒன்று ஏறி. ஒன்று அவசரத்தில் கவிழ்ந்து. தரைமட்டத்தில் ஒரே ஒரு விளக்கு. அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு செருப்பிலும் கட்டைவிரல் பதிந்த பள்ளம் ஒரு சின்னக் கிண்ணம் போல நிழல் நிரம்பி இருக்கிறது. முகம் ஒன்றுகூட இல்லாமல் அவ்வளவு பேர்.

பெயர்: "யாரோ வந்திருக்காங்க."

எனக்கு மிகவும் பிடித்தது ஊக்கு ஜோடி. நீல வார், வலது காலில் வார் பிய்ந்து ஊக்கு குத்தியிருக்கிறது. இடது குதிகால் அப்பளம் போலத் தேய்ந்திருக்கிறது. போட்டவர் இடது பக்கம் சாய்ந்து நடப்பவர். உயரமான ஆளாக இருக்கும் என்று நானே வைத்துக்கொண்டேன்.

இப்போது பிரச்சினை. செருப்புகளைப் பார்த்ததும் ஜனங்கள் தங்கள் செருப்பையும் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு உள்ளறைக்குப் போகிறார்கள். ஒரு வாசலில் அவ்வளவு செருப்பு கிடந்தால் வேறென்ன செய்வார்கள்? இன்று காலை ஒரு பெரியவர் ஆரம்பித்து வைத்தார். அவர் பின்னால் வந்த குடும்பம் மொத்தமும் கழற்றியது. எழுந்து போய், "இது கலைப்படைப்புங்க, இங்கே விடாதீங்க" என்று சொல்ல வேண்டும். வாக்கியம் வாய்வரை வந்து நின்றது. அதற்குள் அவர்கள் உள்ளே.

ஆனால் ஒன்று கவனித்தேன். ஷூ போட்டு உள்ளே போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வெறுங்காலோடு போகிறவர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

உள்ளறையில் ஜோகியின் படம் ஓடுகிறது. ஜோகி சோலூர்ப் பையன், நுண்கலை படித்தவன். கேரட் கழுவும் மெஷின்தான் படம், வேறு எதுவும் இல்லை. பஸ் அளவுக்குச் சுவர் முழுக்க. முதலில் எல்லாம் சேறு, உருண்டு உருண்டு வரும். மெல்ல எங்கோ ஒரு ஆரஞ்சு. பிறகு இன்னொன்று. கடைசியில் சுவர் முழுக்க ஆரஞ்சு நிறம் கொட்டும்போது ஒவ்வொரு தடவையும் ஸ்டூலை விட்டு எழுந்து வந்து நின்றுவிடுகிறேன். கேரட்டுக்குப் போய்.

சோலூர் விவசாயி ஒருவர் முழுதும் பார்த்துவிட்டு என்னிடம் வந்து கேட்டார்: "இந்த லோடு யாரோடதுங்க? ரேட்டு கிடைச்சுதாமா?"

தெரியலைங்க என்றேன். ஒரே வார்த்தை. இன்றைய சாதனை.


நவம்பர் 6, வியாழன்

குளிர். விரல் மடக்க வரவில்லை. ஆட்கள் குறைவு. முரளி சாரின் மூன்றாவது ஓவியத்தில் இன்று ஒரு சிவப்புப் புள்ளி கண்டுபிடித்தேன். கடுகளவு. யாரோ தலையில் கட்டிய துண்டாக இருக்கலாம். இத்தனை நாளாக அங்கேதான் இருந்திருக்கிறது. மதியம் சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்தது. ஓவியத்திலிருந்து வந்ததோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் கேரட் படத்தையும் செருப்புக் கதையையும் சொன்னேன். அம்மா தோசையைத் திருப்பிக்கொண்டே:

"பழைய செருப்ப காவல் காக்கறதுக்குப் பட்டம். இதுக்குத்தான் உங்கப்பன் ஓவர்டைம் பாத்தாரு."

"நீ சும்மா இரு," என்றார் அப்பா. "எங்க ஷெட்டுல வாசல்ல ஒரு கட்டை இருக்கும், தெரியுமா அம்மிணி? கட்டைக்கு இந்தப் பக்கம் நம்ம செருப்பு. அந்தப் பக்கம் கம்பெனி செருப்பு, ஆணி இல்லாதது. வெடிமருந்து இருக்கிற எடமாச்சே. மண்ணு ஒட்டுன கால் உள்ள போகப்படாது. இத்தன வருசத்துல ஒருத்தன் செருப்ப ஒருத்தன் மாத்திப் போட்டதில்ல. இருட்டுலயும் அவனவன் கால் கண்டுபிடிச்சிரும்."

அப்பாவுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. தொழிற்சாலையைப் பற்றி வீட்டில் பேசவே மாட்டார். இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை. ஒரு ஜோடி செருப்பால்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன். அந்த அக்கா வாசல் எப்படி வெச்சிருக்குதுன்னு பாக்கோணும்," என்றார்.

"நானும்தான். கேரட் பாக்க," என்றாள் அம்மா.

ஞாயிறு பெரிய நாள். சென்னையில் பெரிய ஓவியக் கூடம் நடத்தும் ஒருவர் அமுதாக்காவின் படைப்பைப் பார்க்க வருகிறார். பிடித்தால் அங்கே நடக்கும் கண்காட்சிக்கு எடுத்துக்கொள்வார். அமுதாக்கா போனில் மூன்று தடவை சொல்லிவிட்டார்: "எல்லாம் வெச்சது வெச்ச மாதிரியே இருக்குதுல்ல கண்ணு?"

இருக்குங்கக்கா என்றேன்.


நவம்பர் 7, வெள்ளி

இல்லை.

மழை காலையிலேயே பிடித்துக்கொண்டது. தண்டவாளத்தில் மண் சரிந்து மலை ரயில் நின்றுவிட்டது. ஸ்டேஷனில் காத்திருந்த டூரிஸ்டுகள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், எல்லாரும் கோடோனுக்குள். கண்காட்சியில் இவ்வளவு கூட்டம் இதுவரை இல்லை. குடைகள் வாளியில் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தன. முரளி சாரின் ஓவியத்துக்கு எதிரில் ஒரு குழந்தை தூங்கியது. வாசல் முழுக்கச் செருப்பு. எது அமுதாக்காவினுடையது, எது வந்தவர்களுடையது என்று பிரிக்கவே முடியவில்லை. உண்மையைச் சொன்னால், பார்க்க மிக அழகாக இருந்தது.

மதியம் ஐந்து பெண்கள் வந்தார்கள். தாலுகா ஆபீசுக்கு வந்தவர்கள், கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ரேஷன் கார்டுகள். செருப்புகளின் முன்னால் வெகுநேரம் நின்றார்கள். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இன்னொருவர் அவர் முதுகில் தட்டினார். உள்ளே போய்க் கேரட் பார்த்தார்கள். அவர்கள் வெளியே வந்தபோது நான் ஈரத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு விளக்கின் முன்னால் உட்கார்ந்தேன். ஊக்கு ஜோடி இருந்த இடத்தில் ஊக்கு ஜோடி இல்லை. அங்கே வேறு ஜோடி. மெரூன் வார், கிட்டத்தட்டப் புதுசு.

மேடம் கோயமுத்தூரில் இருக்கிறார், நாளை ராத்திரிதான் வருவார். போன் செய்யக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன். அமுதாக்காவுக்கு எடுத்தேன். வைத்துவிட்டேன். "தொடாமல் பார்த்துக்கொள்" என்பது ஒன்றே ஒன்றுதான் எனக்குச் சொன்ன வேலை. வாயைத் திறந்து, "இங்கே விடாதீங்க" என்று புதன்கிழமையே சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம். வெளியே ஒன்றும் தெரியவில்லை. முரளி சார் ஓவியம் மாதிரி என்று நினைக்கக்கூட மனசு வரவில்லை.

பிறகு எழுதியது: மெரூன் வார். அமுதாக்கா எஸ்டேட்டில் கொடுத்த புதுச் செருப்பு எல்லாம் மெரூன் வார்தானே. அப்படியானால் இது தவறிப் போட்டுப் போன செருப்பு இல்லை. கொடுத்தவரே வந்து திரும்ப எடுத்துக்கொண்டு, வாங்கியதைத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கோடோன் பதினொரு மணிக்குத்தான் திறக்கும். விடியற்காலை வெள்ளைப்பாறைக்கு பஸ் உண்டு.


நவம்பர் 8, சனி

போய் வந்தேன். நான்தானா போனது என்று இருக்கிறது.

பஸ்ஸில் மார்க்கெட்டில் விலை போகாமல் திரும்பும் முட்டைக்கோஸ் மூட்டைகளும் நானும். மெரூன் ஜோடி பையில். இறங்கியதும் தேயிலை நடுவில் மண் பாதை. ஈரம். லைனுக்குப் போகும்வரை மனதுக்குள் ஒத்திகை: "வணக்கங்க. நான் குன்னூர் ஓவியக் கூடத்துல இருந்து வர்றேங்க."

சொல்லத் தேவையே இல்லாமல் போனது. வரிசையாக வீடுகள், ஒவ்வொரு வாசலிலும் மெரூன் வார். நான்காவது வாசலில் மட்டும் நீலம். ஊக்கு. இடது குதிகால் அப்பளம்.

விளக்கு இல்லை. சுற்றிக் காலி இடம் இல்லை. பக்கத்தில் ஒரு வாளி, ஒரு துடைப்பம். உள்ளே யாரோ பாத்திரம் உருட்டும் சத்தம். கோடோனில் "யாரோ வந்திருக்காங்க" என்ற பெயரைப் படித்தபோதெல்லாம் புரிந்ததாகத்தான் நினைத்திருந்தேன். இன்றைக்குத்தான் புரிந்தது.

வெளியே வந்தவர் உயரமில்லை. குள்ளம், பருமன். பாக்கியம் அக்கா. சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்தவர், இங்கே கொழுந்து எடுக்கிறார். என்னைப் பார்த்ததுமே கண்டுகொண்டார்.

"தொடப்பம் வெச்சு நின்ன தங்கச்சிதானே நீ. வா வா. தேத்தண்ணி குடி."

"அக்கா, செருப்பு..."

"என் செருப்புதான் அது. நான் யாரு செருப்பையும் எடுக்கல்ல."

"தெரியுங்கக்கா."

"இந்தாளுதான்," என்று உள்ளே கை காட்டினார். கட்டிலில் உட்கார்ந்து ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் ஆறுமுகம் அண்ணன். பேக்டரியில் வேலை. "சம்பளத்தன்னைக்கி வந்து கேட்டாங்களாம், பழச குடுத்தா புதுசுன்னு. என்னய ஒரு வார்த்த கேக்கல்ல. நான் தேயிலக் காட்டுல நிக்கிறேன். வந்து பாத்தா வாசல்ல என் செருப்பு இல்ல."

"புதுசு குடுத்தாங்க, பழச குடுத்தேன். இதுல என்னா குத்தம்?" என்றார் அவர்.

"அப்ப உன் பழச குடுக்க வேண்டியதுதானே. கட்டிலுக்கு அடியில பத்திரமா ஒளிச்சு வெச்சிருக்க."

"என் காலு ஒரு மாதிரி. புதுசு சேராது."

"ஆமா, என் காலு மட்டும் கடைக்காரன் அளவெடுத்துச் செஞ்சது."

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. அவரும் டீயைப் பார்த்துச் சிரித்தார்.

பாக்கியம் அக்கா காலைக் காட்டினார். விரல் இடுக்கில் இரண்டு பக்கமும் கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது. மெரூன் வார் கடித்தது. "காட்டுக்குப் போறப்ப சப்பாத்து, பூட்ஸு. மத்த நேரமெல்லாம் இதுதான். இது எனக்குன்னு பழகிப் போச்சு. நேத்து அங்க வந்து பாக்குறேன், லைட்டு போட்டு சாமி மாதிரி ஒக்காந்திருக்கு. எனக்கு ஒரே சிரிப்பு. போட்டுப் பாத்தேன். கழட்ட மனசு வரல்ல."

அமுதாக்காவின் படைப்பைப் பார்க்க நாளை சென்னையிலிருந்து ஆள் வருவதை மட்டும் சொன்னேன்; நான் வந்தது எதற்கு என்று அவரே புரிந்துகொண்டார். செருப்பை என் பக்கம் காலால் தள்ளினார். "நாளைக்கி அந்தப் புள்ளைக்கு வேணும்தானே. ஒனக்கு வேலையில ஏசுவாங்கதானே. எடுத்துட்டுப் போ."

எடுத்துக்கொண்டிருக்கலாம். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் போனேன். குனிந்தும் விட்டேன். கட்டைவிரல் பள்ளத்தில் ஈரம் இருந்தது, அப்போதுதான் கழற்றியது. கோடோன் விளக்கில் அது கிண்ணம் மாதிரி இருந்தது. இங்கே அது ஒரு கட்டைவிரலின் இடம்.

"வேண்டாங்கக்கா. நான் சொல்லிக்கிறேன்," என்றேன்.

யாரிடம், என்ன, எப்படி என்று தெரியாமல் சொன்னது அது. பையிலிருந்த மெரூன் ஜோடியைக் கொடுக்கவும் மறந்துவிட்டேன். பஸ் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

மேடம் விட்டுப்போன சாவியால் கோடோனைத் திறந்து மெரூன் ஜோடியைக் காலியான இடத்தில் மறுபடி வைத்தேன். மேடத்திடமிருந்து ராத்திரி மெசேஜ்: நாளை பத்து மணிக்கு எல்லாரும். பயமாக இருக்கிறது. ஆனால் நேற்றைய பயம் இல்லை.


நவம்பர் 9, ஞாயிறு

வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் குழம்பிவிடும்.

காலையில் தூறல். அமுதாக்கா முதலில் வந்தார். புடவை, ஈரமான முடி. உள்ளே வந்தவுடனே கண் தரைக்குத்தான் போனது. நான் ஸ்டூலிலிருந்து எழுந்து, ஒத்திகை பார்த்த எதுவும் இல்லாமல், எல்லாவற்றையும் தலைகீழாகச் சொன்னேன். கொப்புளத்தில் ஆரம்பித்து, கட்டிலுக்கு அடியில் போய், வெள்ளிக்கிழமை மழையில் முடித்தேன். மேடம் பாதியில் உள்ளே வந்து நின்றார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க வராது.

அமுதாக்கா கீழே உட்கார்ந்துவிட்டார். மெரூன் ஜோடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சம்பளத்தன்னைக்கி போனேன். அன்னைக்கித்தான் எல்லாரும் ஒண்ணா இருப்பாங்கன்னு. ஆபீஸ் வாசல்ல பாதிக்கு மேல ஆம்பளைங்கதான் நின்னாங்க," என்றார். ஜோடியைக் கீழே வைத்தார். "எத்தன பேரு ஊட்டுல கேக்காம குடுத்தாங்களோ. நான் கேக்கவே இல்ல."

மேடம் என்னைப் பார்த்து, "வெள்ளிக்கிழமையே எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கணும்," என்றார். கோபம்தான். நியாயமான கோபம்.

சென்னைக்காரர் வந்தார். மெல்லிய குரல், மூக்குக்கண்ணாடி. முரளி சாரின் ஓவியங்கள் முன்னால் வெகுநேரம் நின்றார். சிவப்புப் புள்ளியைக் கண்டுபிடித்தாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். கண்டுபிடித்தார். முகம் அரை அங்குலம் முன்னால் போனது. அவரை எனக்குப் பிடித்துப்போனது.

அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பா வாசலில் நின்று, யாரும் சொல்லாமலே, தன் செருப்பை மற்றவற்றிலிருந்து ஒரு சாண் தள்ளித் தனியாக விட்டார். தொழிற்சாலைப் பழக்கம். அம்மா நேரே கேரட்டுக்குப் போய்விட்டாள். உள்ளிருந்து அவள் குரல்: "எவ்வளவு தண்ணி பாரு."

சென்னைக்காரர் செருப்புகளுக்கு வந்தார். அமுதாக்கா அவரிடம் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தபோது வெளியே பேச்சுச் சத்தம். பாக்கியம் அக்கா, வெள்ளிக்கிழமை அவர் முதுகில் தட்டிய அக்கா, இன்னும் மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமை லீவு. பின்னால் ஆறுமுகம் அண்ணன், நனைந்த தலையோடு. பாக்கியம் அக்காவின் கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

எல்லாரும் வாசலுக்கு வந்து கழற்றினார்கள். நான்கு மெரூன் ஜோடி, ஒரு நீல ஜோடி, அண்ணனின் பேக்டரி பூட்ஸ். பாக்கியம் அக்கா தன்னுடையதைச் சரியாக அது முன்பு இருந்த இடத்திலேயே விட்டார். கால் கண்டுபிடித்துவிட்டது. சென்னைக்காரர் படைப்பையும் பார்வையாளரையும் மாறி மாறிப் பார்த்தார். எது எது என்று அவருக்குத் தெரியவில்லை. யாருமே அவருக்குச் சொல்லவில்லை.

அமுதாக்கா எழுந்து பாக்கியம் அக்காவின் கையைப் பிடித்தார். "மன்னிச்சுக்கோங்கக்கா. உங்களக் கேட்டிருக்கோணும்."

"அதெல்லாம் இருக்கட்டும் புள்ள. இந்தா." பையைப் பிரித்தார். உள்ளே ஒரு ஜோடி தோல் செருப்பு. ஒரு காலத்தில் பழுப்பாக இருந்திருக்கும். டயர் துண்டு வைத்துத் தைத்தது, ஓரம் பிரிந்து மறுபடி தைத்தது. "கட்டிலுக்கு அடியில இருந்திச்சு. என் செருப்புக்குப் பதிலா இத வெய்."

அமுதாக்கா வாங்கவில்லை. ஆறுமுகம் அண்ணன் பக்கம் திரும்பினார். "அண்ணா, உங்களுக்குச் சம்மதமாங்க? நீங்க சொல்லாம எடுக்க மாட்டேன்."

அவர் மனைவியைப் பார்த்தார்.

"என்னய என்னத்துக்குப் பாக்குற? ஒன்னய கேக்குறாங்க. சொல்லு."

"கேக்காம குடுத்தா தப்பு, கேட்டா பதில் சொல்லோணுமாக்கும்," என்று முதுகில் தட்டும் அக்கா எடுத்துக்கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். உள்ளறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

ஆறுமுகம் அண்ணன் செருப்பை வாங்கி, பிரிந்த ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்தி, தானே குனிந்து தரையில் வைத்தார். ஒன்று நேராக. ஒன்று கொஞ்சம் விலகி. பின்னால் போய் நின்று பார்த்தார். மறுபடி முன்னால் வந்து விலகியிருந்ததை இன்னும் விலக்கினார். அமுதாக்கா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சென்னைக்காரரும்.

"சரிங்க, சம்மதம்," என்றார் ஆறுமுகம் அண்ணன். "ஆனா அந்த லைட்ட இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்க."

நான்தான் திருப்பினேன்.

போகும்போது அமுதாக்கா பாக்கியம் அக்காவிடம் கேட்டார், சிரிப்பும் ஆசையுமாக: "அப்ப அந்த நீலம் எனக்கு இல்லவே இல்லியாக்கா?"

பாக்கியம் அக்கா வாரை விரலிடுக்கில் மாட்டிக்கொண்டே, "தேஞ்சு முடியட்டும் புள்ள. அப்புறம் நானே கொண்டாந்து தாரேன்," என்றார்.

மெரூன் ஜோடியை மருமகளுக்கு என்று பையில் போட்டுக்கொண்டார்கள். அமுதாக்கா புதன்கிழமை லைனுக்குப் போய் ஒவ்வொரு வீட்டிலும் மறுபடி கேட்கப் போகிறாராம். திரும்பக் கேட்கிறவர்களுக்குத் திரும்பத் தருவாராம். சென்னைக்காரர் கேட்டார்: "அப்ப இந்த வொர்க் இன்னும் முடியலையா?"

"இல்லைங்க சார். இப்பத்தான் ஆரம்பிச்சிருக்குது."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். போன் செய்வதாகச் சொன்னார். ரொம்ப நேரம் நின்றார், அது மட்டும் எனக்குத் தெரியும். ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் கேரட் பார்க்கப் போனார். சாக்ஸில் ஒரு ஓட்டை.

பஸ்ஸில் அப்பா: "அந்த ஆளு வெச்சாரு பாரு, ஒண்ணு நேரா, ஒண்ணு தள்ளி. வேலையில இருந்து வந்து அப்படித்தான் விடுவோம்."

அம்மா: "மறுபடி எப்ப போலாம்?"


நவம்பர் 10, திங்கள்

கோடோன் விடுமுறை. துணி துவைத்தேன், காயவில்லை. வாசலில் என் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். வலது பக்கம் தேய்ந்திருக்கிறது. இத்தனை வருஷம் தெரியாது.

முரளி சாருக்கு டாக்சி டிரைவர் சொன்னதை மெசேஜ் அனுப்பினேன். என் பெயரைப் போடலாமா என்று யோசித்துப் போட்டேன். பதில் ஒரே வரி: "அந்த ஜன்னல் எங்கேம்மா இருக்கு?"


நவம்பர் 11, செவ்வாய்

பனி. துடைத்தல். பல்புகள்.

சென்னையிலிருந்து போன் இன்னும் இல்லை. அமுதாக்கா கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நாளைக்கு எந்த பஸ் என்று மட்டும் கேட்டார்.

மேடம் மதியம் காபி குடிக்கும்போது ஒரு சாவியை மேஜையில் என் பக்கம் நகர்த்தினார். கோடோனின் பெரிய சாவி, துருவாசனை. "இனிமே இது உன்கிட்டயே இருக்கட்டும். ஜனவரியில ஜோகி தனிக் கண்காட்சி, முட்டைக்கோஸாம். இப்பவே யோசி." அவ்வளவுதான். சுவர் துடைக்கும் துணியால் சாவியைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

செருப்பு விடக் கூடாது என்று போர்டு வைக்கலாமா என்று மேடம் கேட்டார். வேண்டாங்க மேடம், நான் பார்த்துக்கிறேன் என்றேன்.

சாயங்காலம் ஒரு பாட்டியும் பேத்தியும். உள்ளறை வாசலில் தயங்கி நின்று அந்தப் பாட்டி என்னைக் கேட்டார்: "ஏனுங்க, செருப்பக் கழட்டோணுங்களா?"

"உங்க இஷ்டமுங்க," என்றேன். "போறப்ப மட்டும் பாத்துப் போட்டுக்கோங்க."